அது ஊருங்க, முகாம் இல்ல

நம்மாளு ஒருத்தர் போலந்துல ஆஷ்விட்ஸ்ங்கற நாஜி கொலை முகாமைச் சுத்திப் பார்த்து எடுத்த வீடியோவை நேத்து பாதிப்பேர் ஷேர் பண்ணியிருந்தீங்களே, நானும் பார்த்தேன். முகாமுக்குள்ள அவர் பேசினதுல எனக்குக் குறை இல்ல. வெளிய ஊருக்குள்ள வந்து, ரொட்டி வாங்கிட்டுப் போற ஒரு பாட்டி மூஞ்சிக்கு நேரா கேமராவை நீட்டி "இங்க எப்படித்தான் மனுஷங்க வாழறாங்களோ"ன்னாரே, அங்கதான் எரிஞ்சுது.

எப்படி வாழறாங்களா? ரொட்டி வாங்கித்தான்.

ஊர் பேரு ஒஷ்வியென்சிம். ஆஷ்விட்ஸ்ங்கறது அதே ஊருக்கு ஜெர்மன்காரங்க சொல்ற பேரு. முகாம் இருந்தது 1940 ஜூன்ல இருந்து 1945 ஜனவரி வரைக்கும், அஞ்சு வருஷம்கூட முழுசா இல்ல. ஊருக்கு வயசு எழுநூறுக்கு மேல. 1457-ல போலந்து ராஜா நாலாம் காசிமிர் இந்தச் சீமையைக் காசு குடுத்து வாங்கினார். சோவா ஆத்தங்கரைல கோட்டை இன்னும் நிக்குது. வீடியோல அது ஒரு செகண்டாவது வந்துச்சா?

போலந்துல கிராக்கோவ் நகரத்துல என்கூட வேலை பார்க்கற பையன் அந்த ஊர்க்காரன். வெளிநாட்டுல யாராவது ஊர் கேட்டா "கிராக்கோவ் பக்கம்"னுதான் சொல்வான். பாஸ்போர்ட்ல பிறந்த ஊரைப் பார்த்ததும் ஆபீசர் மூஞ்சி மாறும், அதைப் பார்க்கப் பிடிக்காதாம். ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். அவங்க அம்மா ரொசூவ் ஊத்தினாங்க, கோழி சூப்ல நூல் நூலா சேமியா மாதிரி கிடக்கும். "எங்க ஊரைப் பத்தி என்ன தெரியும்?"னு கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. அதைச் சொல்ல வாய் வரல. தலையைக் குனிஞ்சு சூப்பைக் குடிச்சேன்.

உடனே கிளம்பி வருவீங்க, "அப்போ முகாமை மறைக்கணும்ங்கறியா?"ன்னு. யார் மறைக்கச் சொன்னது? பதினோரு லட்சம் பேர் செத்த இடம். அதுல பத்து லட்சம் பேர் யூதர்கள். நான் சொல்றது, முகாம் வேற, ஊர் வேறங்கறதுதான்.

"ஊர்க்காரங்க வேடிக்கைதானே பார்த்தாங்க?"ன்னு ஒருத்தர். முகாம்ல முதல்ல ரயில்ல கொண்டு வந்து அடைச்ச 728 பேரும் போலந்து அரசியல் கைதிங்க சார். முகாமோட இன்னொரு பெரிய பகுதியான பிர்கெனாவைக் கட்ட பிஜெசிங்கா கிராமத்தையே காலி பண்ணினாங்க. போருக்கப்புறம் யூதர் வீடுகள்ல யார் குடியிருந்தாங்கன்னு கேட்டா, அதுக்கு என்கிட்ட சுலபமான பதில் இல்ல. சரி, விடுங்க.

ஆனா இதைக் கேளுங்க. போருக்கு முன்னாடி இந்த ஊர்ல பாதிக்கு மேல யூதர்கள். அவங்க இதை ஓஷ்பிட்சின்னு கூப்பிட்டாங்க. 1804-ல ஹாபர்ஃபெல்டு குடும்பம் இங்க வோட்கா ஆலை தொடங்குச்சு. 1939-ல அவங்களோட பெரிய ஜெப ஆலயத்தை நாஜிக்கள் எரிச்சாங்க, 1941-ல ஊர் யூதர்களை மொத்தமா வெளியேத்தினாங்க. அவங்க எப்படிச் செத்தாங்கன்னு ஒரு மணி நேரம் உருகறீங்க. எந்தத் தெருவுல வாழ்ந்தாங்கன்னு ஒருத்தருக்கும் வேண்டாம். இதுக்குப் பேரு அஞ்சலியா?

சிமோன் க்ளூகர்னு ஒருத்தர், போர்ல தப்பிச்சுத் திரும்பி வந்து, ஊரோட கடைசி யூதரா 2000-ல செத்தார். அவர் வீட்டுல இப்போ காபிக்கடை இருக்கு. பக்கத்துலயே ஊர்ல மிச்சம் இருக்கற ஒரே ஜெப ஆலயம்.

வீடியோல நம்மாளு அந்தச் சுவரை ஒட்டித்தான் நடந்து போறார். திரும்பிக்கூடப் பார்க்கல. பின்னாடி பேய்ப்பட மியூசிக்.