பேச்சு வராத பிள்ளையிடம் தமிழை நிறுத்தாதீர்கள்

நேற்று சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் மீன் வாங்க நின்றபோது, தெரிந்த பெண் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, பையனுக்கு ரெண்டரை வயசாச்சு, இன்னும் நாலஞ்சு வார்த்தைதான். வீட்ல இனிமே இங்கிலீஷ் மட்டும் பேசுங்கன்னு சொல்றாங்க. தமிழை நிறுத்திடவா?" அந்தக் கூட்டத்தில் முழுசாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் நிறுத்திப் பார்த்தவர்கள். மகனுக்கு இரண்டு வயதானபோது பாலர் பள்ளியில் ஓர் ஆசிரியர் இதையேதான் சொன்னார், நல்ல மனசோடுதான். அன்றைக்கே வீட்டில் தமிழ் நின்றது. பகல் முழுக்க அவனைப் பார்த்துக்கொண்டவர் என் மாமியார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் 'கம்', 'ஈட்', 'நோ'. ஏழு மாதம் அந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு பேரனை வளர்த்தார். மற்ற நேரம் பேசாமலே இருந்தார். பேச்சு வராத பிள்ளைக்குப் பேச்சுத் துணையும் இல்லாமல் செய்துவிட்டோம். நினைத்தால் இன்னும் நெஞ்சை அடைக்கிறது.

பேச்சு சிகிச்சையாளர் எங்களிடம் முதலில் கேட்டதே, "இவனோடு அதிக நேரம் இருப்பது யார்? அவருக்கு எந்த மொழி நன்றாக வரும்?" என்றுதான். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. ஆட்டிசம், டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளும் இரு மொழி கற்கலாம், அதனால் அவர்கள் பின்தங்குவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன.

அடுத்த முறை அத்தையையும் கூட்டிப் போனோம். உள்ளங்கையில் பருப்பு கடைந்து, விரல் விரலாகச் சோறு ஊட்டி, நண்டு மாதிரி கைமேல் ஏறிப்போய் அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுவோமே, அதை விளையாடிக் காட்டினார். சிகிச்சையாளருக்கு ஒரே சந்தோஷம். "முழங்கை வந்ததும் நிறுத்துங்கள். அவன் உங்களைப் பார்க்கும்வரை காத்திருங்கள்" என்றார். அத்தை விரல்களை அப்படியே நிறுத்தினார். பையன் முதலில் விரலைப் பார்த்தான். கையை இழுத்துப் பார்த்தான். அப்புறம் மெல்லத் தலை தூக்கி அவர் முகத்தைப் பார்த்தான். தினமும் சாப்பாட்டுக்கு முன் இதே விளையாட்டுதான். மூன்று வாரம் கழித்து, விரல் நின்ற இடத்தில் "இன்னு" என்றான். இன்னும் வேண்டுமாம்! அதுவரை அவன் எதையும் வாய் திறந்து கேட்டதில்லை.

நாங்கள் செய்த இன்னொரு தவறு, காத்திருந்தது. "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்", "அவன் அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்று எல்லோரும் சொல்ல, நாங்களும் நம்பினோம். ஒன்றரை வயதில் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா? இரண்டு வயதில் 'பால் குடு' மாதிரி இரண்டு சொல் சேருகிறதா? இல்லையென்றால் பிள்ளையின் உடல்நலக் குறிப்பேடான ஹெல்த் புக்லெட்டை எடுத்துக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய்விடுங்கள். காது கேட்கும் திறனையும் கட்டாயம் சோதிக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுத்தால் மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். தேவைப்பட்டால் அவர்களே 'எப்பிக்' எனும் ஆரம்பகாலச் சிகிச்சைத் திட்டத்துக்குப் பரிந்துரைப்பார்கள். அது 6 வயது வரைக்கும்தான், இடம் கிடைக்கவும் நாளாகலாம். அதனால்தான் சீக்கிரம் போகச் சொல்கிறேன். செலவை நினைத்துத் தயங்காதீர்கள், குடும்ப வருமானத்தைப் பார்த்து மானியம் தருகிறார்கள்.

கைப்பேசி பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்றரை வயதுக்கு முன் திரையே வேண்டாம், அதற்கப்புறம் 6 வயது வரை பள்ளி நேரம் போக நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்கிறது சுகாதார அமைச்சு. வீடியோ அழைப்பில் ஊரிலுள்ள தாத்தா பாட்டியோடு பேசுவது இதில் சேராது.

தங்கச்சி, நீ இதைப் படித்தால் இந்த வாரமே முன்பதிவு செய். போகும்போது உன் அம்மாவையும் கூட்டிப் போ. வெளியே உட்கார வைக்காமல் அறைக்குள்ளேயே அழைத்துப் போ.