பட்டியல் போதும், பட்டறையைக் காட்டுங்கள்

செம்பு 126.4 பங்கு, வெள்ளீயம் 58.9 பங்கு. எடைக்கணக்கு. 1842 ஏப்ரலில் அயர்லாந்தின் நடுவில் இருக்கும் பிர் என்ற சிற்றூரில் (அன்று அதற்குப் பார்சன்ஸ்டவுன் என்று பெயர்) ஒரு நிலப்பிரபு தன் கோட்டை வளாகத்திலேயே உருக்கி ஊற்றிய கலவை இது. மூன்றாம் ராஸ் பிரபு, வில்லியம் பார்சன்ஸ். வார்த்தது தொலைநோக்கிக்கான கண்ணாடி. நம் வாய்ப்பழக்கத்தில்தான் கண்ணாடி, முழுக்க உலோகம். ஸ்பெகுலம் என்பார்கள். கேரளத்து ஆரன்முளா உலோகக் கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும், கிட்டத்தட்ட அதே குடும்பம். குறுக்களவு 6 அடி, எடை ஏறக்குறைய 3 டன்.

மார்ச் 17, புனித பாட்ரிக் நாள் வந்தால் "அயர்லாந்து உலகுக்குத் தந்த பத்து" என்று ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும். நீர்மூழ்கி, டிராக்டர், டிஃபிப்ரிலேட்டர் (தடுமாறும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி), பாயிலின் விதி... பெயர், ஆண்டு, கைத்தட்டல். கீழே கமெண்டில் சண்டை: இவர் ஐரிஷா, பிரிட்டிஷா? அந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது. ராஸ் பிரபு பிறந்ததே இங்கிலாந்தின் யார்க்கில். பின்னால் வரப்போகும் அவர் மகன் சார்லஸ் பிறந்தது லண்டனில். பாயில் பிறந்தது அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டு மாவட்டத்து லிஸ்மோரில், காற்றை அளந்தது ஆக்ஸ்ஃபோர்டில். கணித அறிஞர் ஜார்ஜ் பூல் இங்கிலாந்தின் லிங்கன் ஊர்க்காரர், ஆனால் 1849லிருந்து சாகும்வரை அயர்லாந்தின் கார்க் நகரில் பாடம் நடத்தியவர். எந்தப் பக்கம் இழுத்தாலும் துணி கிழியும்.

எனக்கு அந்தக் கேள்வியில் ருசியே இல்லை. ஐரிஷ் அறிவியலில் கற்றுக்கொள்ள வேண்டியது, எது உடைந்தது, ஏன் உடைந்தது, அதை எப்படிச் சரிக்கட்டினார்கள் என்பதுதான். பட்டியல்கள் சொல்லிவைத்தாற்போல அதை மட்டும் விட்டுவிடுகின்றன.

பிர் கதைக்கே வருவோம். ஸ்பெகுலம் எஃகுக்கு இணையான கடினம், ஆனால் நொறுங்குவதில் ஜன்னல் கண்ணாடிக்குத் தம்பி. வெள்ளீயம் கூடினால் இன்னும் நொறுங்கும், குறைந்தால் செம்பின் சிவப்பு ஏறி வெளிச்சத்தைத் தின்னும். கலவையைச் சரியாகப் பிடித்தாலும் அடுத்த வில்லங்கம் அச்சு. வெறும் மணல் அச்சில் ஊற்றினால் ஓரம் முதலில் இறுகும், நடு கடைசியில் இறுகிச் சுருங்கும், அந்த இழுவையில் பிளந்துவிடும். அடியில் கெட்டி இரும்புத் தகடு போட்டால் அதைத் தொடும் முகம் சீக்கிரம் இறுகும், நல்லதுதான். ஆனால் அடியில் மாட்டிக்கொண்ட காற்று வெளியேற வழியில்லாமல் முகமெல்லாம் குழி விழும்.

ராஸ் செய்தது இது: பீப்பாய்க்குக் கட்டும் பட்டை போன்ற இரும்புப் பட்டைகளைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிமிர்த்தி, நெருக்கி அடுக்கிக் கட்டினார். மேல்பக்கத்தைத் தேவையான வளைவுக்குக் கடைந்தார். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. காற்று அதில் இறங்கிப் போகும், உருகிய உலோகம் போகாது. சுற்றுச்சுவர் மட்டும் மணல், மேலே திறப்பு. இப்போது கீழிருந்து மேலாக, அடுக்கடுக்காக இறுகும். சுருக்கமும் குறையும் கடைசியில் முதுகுப் பக்கத்துக்குப் போய்ச் சேரும். முதுகில் எது இருந்தால் என்ன?

மூசையிலும், அதாவது உலோகம் உருக்கும் பாத்திரத்திலும், ஒரு பாடம் இருக்கிறது. வார்ப்பிரும்பு மூசையை வாய் கீழே பார்க்கும்படி வார்ப்பதுதான் பட்டறை வழக்கம். வார்க்கும்போது குமிழெல்லாம் மேலே ஏறும். மேலே இருப்பது மூசையின் அடிப்பாகம், ஆக அடிப்பாகம்தான் பஞ்சு மாதிரி ஆகும், உருகிய கலவை அதன் வழியே கசியும். ராஸ் வாய் மேலே பார்க்க வார்க்கச் சொன்னார், கசிவு நின்றது. இவ்வளவு சின்ன விஷயம்!

6 அடிக் கண்ணாடிக்கு மூன்று மூசைகளில் உருக்கினார்கள். எரிபொருள் அந்த ஊர்ச் சதுப்பிலிருந்து வெட்டிக் காயவைத்த கரிமண். வார்த்த உடனே, செக்கச்செவேலென்று இருக்கும்போதே, தண்டவாளத்தில் இழுத்து முன்னரே காய்ந்திருந்த சூளைக்குள் தள்ளி வாயை அடைத்தார்கள். ஆறுவதற்கு 16 வாரம். அவசரப்பட்டால் வெளித்தோல் முதலில் சுருங்கி உள்ளே விசை தங்கிவிடும், பிறகு என்றைக்கோ ஒரு தட்டில் இரண்டாகும். இதையெல்லாம் செய்த கைகள் லண்டன் நிபுணர்களுடையவை அல்ல. பிர் பகுதிக் கூலியாட்களைத்தான் ராஸ் பழக்கி எடுத்தார்.

மெருகேற்ற நீராவி எஞ்சின். கண்ணாடியை முகம் மேலே பார்க்கத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, வெப்பநிலை மாறாமல் பார்த்துக்கொண்டு, மேலே கீல் (தார் போன்ற பிசின்) பூசிய தட்டை ஓட்டினார்கள். அந்தத் தட்டில் வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருக்க வேண்டும். அழுத்தத்தில் கீல் பக்கவாட்டில் நகர இடம் வேண்டுமே! இடமில்லாவிட்டால் ஒரு பக்கம் மேடாகி வளைவையே கெடுத்துவிடும்.

1845இல் இந்தத் தொலைநோக்கி எம் 51 என்ற பொருளின் சுருள் வடிவத்தைக் காட்டியது. ஒரு நெபுலா (வானில் மேகம்போல் மங்கலாகத் தெரியும் பொருள்) சுருண்டிருப்பதை மனிதக் கண் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதே ஆண்டு உருளைக்கிழங்கு அழுகல் வந்து பஞ்சம் தொடங்கியது, வானம் பார்க்கும் வேலை சில ஆண்டுகள் நின்றுபோனது. 1917இல் மவுண்ட் வில்சனின் 100 அங்குலம் வரும்வரை உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி இதுதான்.

புகழோடு குறையையும் சொல்லிவிட வேண்டும். குழாய் இரண்டு மதில்களுக்கு நடுவே தொங்கியது. ஒரு பொருள், வடக்கு தெற்காகத் தலைக்கு மேலே ஓடும் உச்சிக்கோட்டினைக் கடக்கும்போது ஒரு மணி நேரம் போல் பார்க்கலாம், அவ்வளவுதான். புது மெருகிலேயே ஸ்பெகுலம் விழும் வெளிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் திருப்பும். அந்த ஈரக்காற்றில் மாதக்கணக்கில் மங்கும். மங்கினால் மறுபடி மெருகு, மெருகேற்றினால் வளைவு மாறும், ஆக ஒவ்வொரு தடவையும் புதுக் கண்ணாடி செய்கிற பாடு. அதனால்தான் மாற்றிப் போட இரண்டு கண்ணாடி வைத்திருந்தார்கள்.

இதை அனுபவித்துத் தெரிந்தவர்களே அடுத்து ஒரு தப்பு செய்தார்கள். மெல்போர்னுக்கு 48 அங்குலத் தொலைநோக்கி செய்து தர டப்ளினில் தொலைநோக்கிப் பட்டறை வைத்திருந்த தாமஸ் கிரப்பிடம் வேலை போனது. 1850களிலேயே நிஜக் கண்ணாடிமேல் வெள்ளி பூசும் வழி வந்துவிட்டது. மங்கினால் வெள்ளியைக் கரைத்துவிட்டு மறுபூச்சு, வளைவு அப்படியே இருக்கும். இருந்தும் வேலையை மேற்பார்த்த குழு பழகிய ஸ்பெகுலத்தையே பிடித்துக்கொண்டது. கடல் பயணத்துக்காக அரக்குப் பூசி அனுப்பினார்கள். அங்கே அரக்கை எடுக்கும்போதே முகம் கெட்டது. மறுமெருகு போடத் தெரிந்த கை மெல்போர்னில் இல்லை. கருவி கடல் தாண்டியது, கைப்பழக்கம் டப்ளினிலேயே நின்றுவிட்டது. கிரப் பட்டறையின் மற்ற கருவிகள் அருமையாக வேலை செய்தன என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பூனாவில் இருந்து 1912இல் கொடைக்கானலுக்கு வந்த பாவ்நகர் தொலைநோக்கி அந்தப் பட்டறையில் பிறந்ததுதான்.

ராஸின் கடைக்குட்டி சார்லஸ் பார்சன்ஸ், இந்த உலைக்கும் எஞ்சினுக்கும் நடுவே வளர்ந்த பையன். 1884இல் அவர் செய்தது நீராவி டர்பைன், நீராவி பாய்ந்து சுழற்றும் சக்கரப் பொறி. அடைபட்ட நீராவியை ஒரே மூச்சில் விரியவிட்டால் அது பாயும் வேகத்துக்கு ஈடுகொடுத்துச் சுற்றும் சக்கரம் சிதறிவிடும். பார்சன்ஸ் அழுத்தத்தைப் பல படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். அப்படியும் முதல் இயந்திரம் நிமிடத்துக்கு 18,000 சுற்று. அந்த வேகத்தில் கடுகளவு எடை வித்தியாசமும் தண்டை உலுக்கும். தண்டை இறுக்கிப் பிடிக்காமல், வளையங்களை மாற்றி மாற்றி அடுக்கிய பேரிங்கில் எண்ணெயோடு சற்றே அசைய விட்டார். தண்டு தன் எடைமையத்தைத் தானே தேடிக்கொண்டது.

பிறகு கப்பலில் வைத்தார், டர்பினியா, 1894. 20 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற கணக்கு) வேகத்தைத் தொட முடியவில்லை. டர்பைனில் பழுதில்லை, ப்ரொப்பெல்லர் அதிவேகத்தில் தண்ணீரைக் கிழித்து வெற்றுக் குமிழை உண்டாக்கிவிட்டு அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சின்னத் தொட்டி செய்து, வெளிச்சத்தை விட்டு விட்டுப் பாய்ச்சி அந்தக் குமிழைக் கண்ணால் பார்த்தார். ஒரு தண்டுக்குப் பதில் மூன்று தண்டு, தண்டுக்கு மூன்று ப்ரொப்பெல்லர். 1897இல் விக்டோரியா ராணியின் வைர விழாக் கடற்படை அணிவகுப்பில் 34 நாட் வேகத்தில் அது ஓடியது பலருக்கும் தெரிந்த கதை. எனக்கென்னவோ அணிவகுப்பைவிட அந்தத் தொட்டிதான் பெரிதாகப் படுகிறது.

பட்டியல்களில் அநியாயமாக விடுபடும் ஆள் ஒருவர் உண்டு, நிக்கோலஸ் காலன். அயர்லாந்தின் மேனூத் குருமடத்துப் பாதிரியார், இயற்பியல் பேராசிரியர். 1836இல் குதிரை லாட வடிவ இரும்பில் மெல்லிய கம்பியைச் சுற்றி, அதன்மேல் தடித்த கம்பியைச் சுற்றினார். தடித்த கம்பியில் பேட்டரி மின்சாரத்தைவிட்டு வெடுக்கென்று அறுத்தால் மெல்லிய கம்பியில் பயங்கர மின்னழுத்தம் பிறக்கிறது. உங்கள் பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் ப்ளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் (கம்பிச்சுருள்) இதே சரக்குதான்.

எவ்வளவு சட்டென்று அறுக்கிறோமோ அவ்வளவு அழுத்தம், சூட்சுமமே இதில்தான். கையால் அறுத்தால் பிரியும் முனையில் பொறி பறந்து, மின்சாரம் மெதுவாகச் செத்துப்போகும். காலன் கடிகாரப் பொறியமைப்பைப் பூட்டி, பாதரசக் கிண்ணத்தில் கம்பி முனையை நொடிக்கு 20 தடவை முக்கி எடுக்க வைத்தார். அடுத்த தொல்லை காப்பு. அழுத்தம் ஏறினால் பக்கத்துச் சுற்றுக்கே பொறி தாவி, காயில் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். பைன் பிசினும் தேன்மெழுகும் உருக்கிக் கம்பிக்குப் பூசினார். பின்னாளில் அவருடைய பெரிய காயில் 15 அங்குல நீளப் பொறி விட்டது.

அழுத்தத்தை அளக்க மீட்டர் கிடையாது. வான்கோழிகளைக் கொண்டும், பாவம், மாணவர்களைக் கொண்டும் சோதித்தார். மயங்கி விழுந்த மாணவர் ஒருவர் பிற்பாடு டப்ளின் பேராயரானார். பேட்டரிக்கு விலை உயர்ந்த பிளாட்டினத்தை விட்டுவிட்டு வார்ப்பிரும்பைப் போட்டு, 577 செல்களை ஒன்றாக இணைத்தார். 30 கேலனுக்கு மேல் அமிலம் பிடித்தது. இவ்வளவுக்கும் பெயர் பாரிஸ் கருவிக்காரர் ரூம்கார்ஃபுக்குப் போனது, 1864இல் 50,000 ஃபிராங்க் பரிசோடு. காலன் செத்ததும் அதே ஆண்டு. ரூம்கார்ஃப் நேர்த்தியான கைவினைஞர், அவரைத் திருடன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குருமடத்தில் இறையியல் படிக்க வந்தவர்களுக்கு நடுவே இருந்த காலனுக்கு, தன் சரக்கை விற்றுக்கொடுக்க ஆளில்லை.

அயர்லாந்தின் கார்லோ மாவட்டத்து இயற்பியலாளர் ஜான் டிண்டல் வேறு வகை. 1859இல், எந்த வாயு வெப்பக்கதிரை விழுங்குகிறது என்று அளக்கக் கிளம்பினார். குழாயின் இரு முனையையும் ஜன்னல் கண்ணாடியால் மூட முடியாது, அதுவே வெப்பத்தை விழுங்கும். பாறை உப்பைத் தகடாக வெட்டி மூடினார். அளவி தெர்மோபைல் (வெப்பத்தை மின்சாரமாக்கும் கருவி), அதோடு ஒரு கால்வனோமீட்டர் (அந்த மின்சாரத்தைக் காந்த முள்ளின் அசைவில் காட்டும் கருவி). அந்த முள் காரணமே இல்லாமல் ஒதுங்கி நின்றது. தேடிப் பார்த்தால் குற்றவாளி, கம்பியைச் சுற்றியிருந்த பச்சைப் பட்டு நூல்! பச்சைச் சாயத்தில் இரும்பு இருந்தது. உரித்துவிட்டு வெள்ளைப் பட்டு சுற்ற வைத்தார். பிறகுதான் நீராவியும் கரியமில வாயுவும் வெப்பத்தைப் பிடித்துவைப்பதும், நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஏறக்குறைய சும்மா விடுவதும் எண்ணாக வந்தன. இன்று பருவநிலை பற்றிப் பேசும் எல்லோரும் அந்த வெள்ளை நூலுக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்கள். (அவருக்கு 3 ஆண்டு முன்பே அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் சூரிய ஒளியில் வாயுக்குப்பிகளை வைத்துக் கரியமில வாயு அதிகம் சூடேறுவதைக் காட்டியிருந்தார். "யார் முதலில்" ஆட்டம் இங்கேயும் தடுமாறும்.)

ஈனியஸ் காஃபியின் 1830 சாராய வடிகோபுரத்தை நின்று பேச இடமில்லை. கலால் அதிகாரி ஒருவர் இடைவிடாமல் ஓடும் வடிகலத்தைக் காப்புரிமை எடுத்தார், ஐரிஷ் ஆலைகள் ருசியில்லை என்று ஒதுக்கின, ஸ்காட்லாந்து அள்ளிக்கொண்டது. பெல்ஃபாஸ்டின் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் 1965இல் ஆம்புலன்ஸில் ஏற்றிய டிஃபிப்ரிலேட்டர் 70 கிலோ, கார் பேட்டரியில் ஓடியது. "கையடக்கம்" என்று பட்டியலில் போடுகிறவர்கள் அந்த எடையையும் போடட்டும்.

அயர்லாந்தின் டங்கார்வனில் பிறந்த எர்னஸ்ட் வால்டன் கேம்பிரிட்ஜில் சக ஆய்வாளர் காக்ராஃப்ட்டோடு சேர்ந்து செய்த துகள்முடுக்கி, காலனின் தொல்லைக்கும் பார்சன்ஸின் தந்திரத்துக்கும் ஒருசேரப் பேரன். பல லட்சம் வோல்ட் வேண்டும், ஒரே தாவலில் எடுத்தால் காப்பு உடையும். ஆகவே மின்தேக்கியும் ஒருவழி வால்வும் மாறி மாறி ஏணி மாதிரி அடுக்கி, படிப்படியாக ஏற்றினார்கள். உயரமான கண்ணாடிக் குழாயின் இணைப்புகளில் காற்று கசியாமல், பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசின் களிமண்ணை விரலால் அப்பினார்கள். 1932 ஏப்ரல் 14 அன்று வால்டன் குழாயின் அடியில் இருந்த ஈயம் போர்த்திய சின்னக் கூண்டுக்குள் தவழ்ந்து போய், நுண்ணோக்கியில் துத்தநாக சல்ஃபைடு திரையைப் பார்த்தார். லித்தியத்தில் புரோட்டான் மோதி, அணு பிளந்து, ஆல்ஃபா துகள்கள் மினுக்மினுக்கென்று தெறித்துக்கொண்டிருந்தன. 1951இல் நோபல்.

நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: காலனின் காயில்கள் மேனூத்தின் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிர் கோட்டையில் மதிலும் குழாயும் நிற்கின்றன, உள்ளே இருப்பது பிற்காலத்து அலுமினியக் கண்ணாடி. அசல் ஸ்பெகுலத்தில் ஒன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.