பேச்சை முடிக்க விடாதீர்கள்

கிரெடிட் கார்டு மோசடியில் பணம் போனவரிடம் நம் ஆட்கள் முதலில் கேட்பது, "படிச்சவர்தானே நீங்க, இதுகூடவா தெரியாது?" என்பதுதான். இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது இன்று சென்னையில் யாருக்குத் தெரியாது? வங்கி அனுப்புகிற ஒவ்வொரு ஓடிபி மெசேஜிலும் அந்த எச்சரிக்கை இருக்கிறது. கொஞ்ச காலம் முன்பு யாருக்குப் போன் போட்டாலும், ரிங் போவதற்குள் ஒரு குரல் வந்து சைபர் மோசடி பற்றி ஓதிவிட்டுத்தான் போனது. தெரிந்தும் சொல்கிறார்கள். ஏன் சொல்கிறார்கள் என்றுதான் நாம் பேச வேண்டும்.

பேராசை, அறியாமை என்று காரணம் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை பாதிக்குமேல் காரணம் மரியாதை. எதிர்முனையில் ஒருவர் "சார், வணக்கம்" என்று பணிவாக ஆரம்பித்துவிட்டால், பாதிப் பேச்சில் போனை வைக்க நம் கை வருவதில்லை. அவர் கேட்டு முடிக்கட்டும், நாம் பதில் சொல்லிவிட்டு வைப்போம் என்று காத்திருக்கிறோம். மோசடிக்காரனுக்கு வேண்டியதே அந்தக் காத்திருப்புதான்.

நங்கநல்லூரில் என் சித்தப்பா இருக்கிறார். ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பால் பாக்கெட் கணக்கைக்கூட நோட்டில் எழுதிவைத்து மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கிற ஆள். ஒருநாள் மதியம் சாப்பாடு முடிந்து சாய்கிற நேரத்தில் அவருக்குப் போன் வந்தது. காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நான் பக்கத்து அறையில் இருந்தேன். நல்ல தமிழ்க் குரல், அவசரமே இல்லாத பேச்சு. முன்பெல்லாம் அரைகுறை இந்தியில், இல்லையென்றால் தடுக்கி விழும் ஆங்கிலத்தில் பேசுவார்கள். அதிலேயே பாதிப் பேர் தப்பித்தோம். இப்போது அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

"சார், உங்க கிரெடிட் கார்டு டிபார்ட்மென்ட்ல இருந்து பேசறேன். நான் சொல்றது உங்க கார்டுதானான்னு நீங்களே செக் பண்ணிக்கோங்க. முதல் ஆறு நம்பரை நான் வாசிக்கிறேன்" என்றான். சித்தப்பா பர்ஸில் இருந்து கார்டை எடுத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக விரலை வைத்துப் பார்த்தார். ஆறும் சரி. "ஆமாம்ப்பா, கரெக்ட்" என்றார். அந்த இடத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது.

இந்த ஆறு எண் தந்திரத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கார்டின் முதல் ஆறு எண்கள் உங்களுடையவை அல்ல, வங்கியுடையவை. எந்த வங்கி, எந்த வகைக் கார்டு என்பதைக் காட்டுவதற்காக இருப்பவை. விசா கார்டு என்றால் 4 என்றே தொடங்கும். மாஸ்டர்கார்டு பெரும்பாலும் 5. ஒரே வங்கி கொடுத்த ஒரே வகைக் கார்டு லட்சம் பேரிடம் இருந்தால், லட்சம் கார்டிலும் அதே ஆறு எண்தான். உங்களிடம் எந்த வங்கியின் எந்தக் கார்டு இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு அந்த ஆறும் தெரியும். உங்கள் பெயர், போன் நம்பர், பிறந்த தேதி எல்லாம் ஏற்கெனவே எங்கெங்கோ கைமாறிக்கொண்டிருக்கிறது. அதையெல்லாம் ஒருவன் சரியாகச் சொல்கிறான் என்பதால் அவன் வங்கிக்காரன் ஆகிவிட மாட்டான்.

அப்புறம் கதை வழக்கம்போல. ரிவார்டு பாயின்ட் இன்று ராத்திரியோடு காலாவதி, அதைப் பணமாக மாற்றிக் கார்டிலேயே வரவு வைக்கிறோம், மிச்ச நம்பரை வெரிஃபிகேஷனுக்குச் சொல்லுங்கள். நான் எழுந்து வருவதற்குள் சித்தப்பா மீதி எண்ணையும், காலாவதித் தேதியையும், பின்னால் இருக்கும் மூன்று எண்ணையும் சொல்லிவிட்டார். "வைங்க சித்தப்பா" என்றேன். கையைக் காட்டி, இரு, அவர் பேசி முடிக்கட்டும் என்று சைகை செய்தார்! மெசேஜ் வந்து விழுந்தது. போனைப் பிடுங்கித்தான் வைத்தேன்.

அந்த மெசேஜைப் படித்துக் காட்டினேன். ஓடிபி எண்ணோடு, ஐம்பதாயிரத்தை ஒட்டிய ஒரு தொகையும் ஏதோ ஒரு ஆன்லைன் கடையின் பெயரும் அதிலேயே இருந்தன. பாயின்ட் வரவு வைப்பதற்கு எதற்குக் கடை பெயர்? நாம் யாரும் அந்த வரியைப் படிப்பதில்லை. ஆறு இலக்கத்தை மட்டும் கண் தேடிப் பிடிக்கிறது, மற்றதைத் தாண்டிவிடுகிறது. மெசேஜை முழுசாகப் படிக்கும் பழக்கம் ஒன்று இருந்தாலே பாதி மோசடி அங்கேயே நின்றுவிடும்.

சித்தப்பாவுக்கு அன்று வருத்தம் எதில் தெரியுமா? "பேசிட்டே இருக்கும்போது வெச்சிட்டியே, அந்தப் பையன் என்ன நினைப்பான்?" அவன் என்ன நினைத்தானோ, திரும்ப மூன்று முறை கூப்பிட்டான்.

ஓடிபிதான் சொல்லவில்லையே, அப்புறம் எதற்குக் கார்டை பிளாக் செய்கிறாய் என்று சித்தி கேட்டார். நியாயமான கேள்வி. இந்தியாவில் இணையத்தில் கார்டால் பணம் கட்ட இரண்டாவது ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது 2009-இல். அதனால்தான் நமக்கு ஓடிபி. ஆனால் வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி என்ற பேச்சே கிடையாது. கார்டு எண், தேதி, சிவிவி என்கிற அந்தப் பின்பக்க எண், இது மூன்றும் இருந்தால் பணம் போய்விடும். ஆக, அந்த மூன்றையும் சொன்ன கார்டு சாவி கைமாறிய வீடு. பூட்டையே மாற்றுவதுதான் வழி. பழைய கார்டை முடக்கிப் புதுக் கார்டு வாங்கினோம்.

இதற்கு முன்னெச்சரிக்கை ஒன்று எல்லோர் கையிலும் இருக்கிறது, பயன்படுத்துபவர் குறைவு. வெளிநாட்டுப் பரிவர்த்தனை, ஆன்லைன் பரிவர்த்தனை, தட்டிவிட்டுப் போகும் கான்டாக்ட்லெஸ் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியாக அணைக்கவும் திறக்கவும், உச்சவரம்பு வைக்கவும் வசதி தர வேண்டும் என்று 2020-இல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. உங்கள் வங்கி ஆப்பில் கார்டு பகுதிக்குள் போனால் இருக்கும். வீட்டில் பெரியவர்களின் கார்டை எடுத்து வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இன்றே அணைத்துவிடுங்கள். மகளைப் பார்க்க அமெரிக்கா போகும்போது திறந்துகொள்ளலாம். ஆன்லைன் வரம்பையும் இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு இறக்கிவிடுங்கள். மாம்பலத்தில் துணி எடுக்க அதெல்லாம் தடையே இல்லை, கடையில் கார்டைச் செருகிப் பின் நம்பர் போடுவது தனிக்கணக்கு.

இப்போது வங்கிகளிடம் வருகிறேன். எனக்கு இவர்கள்மேல்தான் அதிகக் கோபம். ஒருபக்கம் யார் கூப்பிட்டாலும் விவரம் சொல்லாதீர்கள் என்கிறார்கள். மறுபக்கம் இவர்களுக்காக வேலை செய்யும் ஏஜென்சியில் இருந்து சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணில் கூப்பிட்டு, "லிமிட் ஏத்தித் தரோம், பர்சனல் லோன் தரோம், வெரிஃபிகேஷனுக்கு உங்க டேட் ஆஃப் பர்த் சொல்லுங்க" என்கிறார்கள். என்னிடம் பேசுகிற நீங்கள் யார் என்று திருப்பிக் கேட்டால் ஒரு பெயரைச் சொல்வார்கள், அவ்வளவுதான். வாடிக்கையாளர் தன்னை நிரூபிக்க வேண்டும், கூப்பிட்டவர் நிரூபிக்க வேண்டாம் என்று வருடக்கணக்காக நம்மைப் பழக்கிவைத்தது யார்? மோசடிக்காரன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அதே வசனத்தைத்தான் எடுத்துப் பேசுகிறான்.

சரிசெய்யும் முயற்சி நடக்காமல் இல்லை. கணக்கு, பரிவர்த்தனை சம்பந்தமான அழைப்புகளை 1600 என்று தொடங்கும் எண்களில் இருந்தும், விளம்பர அழைப்புகளை 140 வரிசையில் இருந்தும் மட்டுமே செய்ய வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொன்னது. நல்ல விஷயம். பத்து இலக்க மொபைல் எண்ணில் இருந்து வங்கி என்று யார் பேசினாலும் சந்தேகப்பட இது ஒரு காரணம் தருகிறது. ஆனால் திரையில் தெரியும் எண்ணையோ, ட்ரூகாலர் ஆப் காட்டும் பெயரையோ வைத்து ஒருவரை நம்பிவிடாதீர்கள். எண்ணைப் போலியாகக் காட்ட முடியும். எண்ணுக்கு எதிரே யார் வேண்டுமானாலும் வங்கியின் பெயரை ஏற்றிவைக்கவும் முடியும்.

நான் வீட்டில் சொல்லிவைத்திருப்பது ஒன்றே ஒன்று: வந்த போனில் விவரம் சொல்லாதே, நாம் போட்ட போனில் மட்டும் சொல். யார் கூப்பிட்டாலும், "சரிங்க, நானே கஸ்டமர் கேருக்குப் போட்டுக் கேட்டுக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். மரியாதைக்கும் குறைவில்லை. உண்மையான வங்கி ஊழியர் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். "லைன்லயே இருங்க சார், வெச்சீங்கன்னா கார்டு பிளாக் ஆயிடும்" என்று பதறுபவன் யார் என்று அந்தப் பதற்றமே சொல்லிவிடும். நாமே போடும்போதும் எண்ணை கூகுளில் தேடக் கூடாது, அங்கே போலி கஸ்டமர் கேர் எண்கள் கொட்டிக் கிடக்கின்றன.

வாட்ஸ்அப்பில் வங்கி ஆப் என்று ஏபிகே ஃபைல் (தட்டினால் போனில் ஆப் ஏறிவிடும் ஃபைல்) அனுப்புவது, ஸ்கிரீன் ஷேர் ஆப்பை ஏற்றச் சொல்வது, இன்னொரு அழைப்பை மெர்ஜ் பண்ணச் சொல்லி ஓடிபி வாசிக்கும் குரலைக் கேட்டுக்கொள்வது என்று வேறு வகைகளும் உண்டு. வகை மாறிக்கொண்டே இருக்கும், பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய முடியாது. ஆனால் இதில் எது பலிப்பதற்கும் முதலில் நீங்கள் போனில் நீடித்தாக வேண்டும்.

பணம் போயே போய்விட்டது என்றால்? முதலில் வங்கிக்குச் சொல்லிக் கார்டை முடக்குங்கள், அடுத்த நிமிடமே 1930-க்குப் போடுங்கள். சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண் அது. பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலிருந்து எடுக்கப்படுவதற்குள் நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். வேப்பேரி கமிஷனர் அலுவலகத்துக்கு ஆட்டோ பிடித்துப் போய்க்கொண்டிருந்தால் நேரம்தான் வீண்.

2017-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிகள் இங்கே முக்கியம். உங்கள் தவறும் இல்லை, வங்கியின் தவறும் இல்லை, வெளியில் எங்கோ கசிந்து பணம் போனது என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் உங்களுக்குப் பைசா இழப்பு கிடையாது. ஆனால் ஓடிபியை நீங்களே சொல்லிப் போனது என்றால், புகார் செய்யும் வரையான நஷ்டம் உங்களுடையது. புகார் செய்தபின் போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. அதாவது நீங்கள் சும்மா இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் கணக்கில் ஏறுகிறது. புகார் எண்ணை மறக்காமல் வாங்கி வையுங்கள். முப்பது நாளில் வங்கி சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

அந்த நிமிடங்களில்தான் மனிதர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். பிள்ளைகள் திட்டுவார்கள், மருமகள் முன்னால் அசிங்கம் என்று இரண்டு நாள் உள்ளேயே வைத்திருந்து, அப்புறம் பில் வந்து வீட்டுக்குத் தெரிகிற கதைகள் எத்தனை. நாம் கேட்கும் "படிச்சவர்தானே" என்ற கேள்விக்குப் பயந்துதான் இந்த இரண்டு நாள் போகிறது. அதனால் உங்கள் அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள்: ஏமாந்தால் உடனே எனக்குச் சொல்லுங்கள், ஒரு வார்த்தை திட்ட மாட்டேன் என்று. பிறகு நிஜமாகவே திட்டாமல் இருங்கள்.

இந்த மாதிரி எழுதினாலே வங்கிகளின் உதவி எண்களையும் போடச் சொல்லி இன்பாக்ஸில் கேட்பார்கள். போட மாட்டேன். முகநூலில் ஒருவர் போட்ட எண்ணை நம்பிக் கூப்பிடுவதும் இதே ரகம்தான். வங்கியை டேக் செய்து புகார் எழுதினால் ஐந்தாவது நிமிடத்தில் வங்கியின் சின்னத்தோடு வந்து "உங்கள் நம்பரை அனுப்புங்கள்" என்று கேட்பவர்களிலும் போலிகள் அதிகம். எண் கார்டின் பின்பக்கம் இருக்கிறது, திருப்பிப் பாருங்கள்.