பழைய மெட்டும் புதிய டைனோசரும்

பழைய படம் ஒன்றுக்குப் புதிய பாகம் வரப்போகிறது என்றால், அதன் முன்னோட்டம் எப்படி இருக்கும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். இருண்ட திரை. சிறுவயதில் மனத்தில் பதிந்த அந்த மெட்டு, பாதி வேகத்தில், ஒற்றைப் பியானோவில். தூசு படிந்த ஏதோ ஒரு பொருளைத் துடைக்கும் கை. அப்புறம் நரைத்த தலையோடு பழைய நாயகன் திரும்பிப் பார்ப்பார். கண் கலங்கிவிடும். எனக்கும்தான் கலங்குகிறது, எரிச்சலே அதில்தான். கதை என்ன என்று ஒரு சொல்கூடச் சொல்லாமல் கண்ணீரை முன்பணமாக வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

1993இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்தை அண்மையில் மறுபடி பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படத்தில் டைனோசர்கள் திரையில் இருப்பது ஏறத்தாழ 15 நிமிடம். அதிலும் பாதிக்கு மேல் ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்த இயந்திர உருவங்கள். கணினியில் பிறந்தவற்றுக்குக் கிடைத்தது சில நிமிடங்களே. டி-ரெக்ஸ் வரும் அந்தப் புகழ்பெற்ற காட்சியை நினைத்துப் பாருங்கள். முதலில் வருவது டைனோசர் அல்ல, தம்ளர் தண்ணீரில் எழும் வட்ட அலை. காருக்குள் ஒரு கிதார் தந்தியைப் பொருத்தி, அதைச் சுண்டித்தான் அந்த அலையை எழுப்பினார்கள். மழைக்காட்சியில் அந்த ராட்சத உருவத்தின் தோல் நீரை உறிஞ்சி, கனம் தாங்காமல் தானாகவே நடுங்க ஆரம்பித்ததாம். ஆட்கள் துண்டை எடுத்துக்கொண்டு ஓடித் துடைத்திருக்கிறார்கள். இவ்வளவு தொல்லை இருந்ததால்தான் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று படமெடுக்கும் முன்பே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

2015இல் அதே தொடர் ‘ஜுராசிக் வேர்ல்டு’ என்று மீண்டும் உயிர்பெற்றது. சாதாரண டைனோசர் பார்த்துச் சலித்த பார்வையாளர்களுக்காக, மரபணுக்களைக் கலந்து இன்னும் பெரிதாக, இன்னும் பல் கூர்மையாக ஒன்றைச் செய்கிறார்கள் என்பதே கதை. தயாரிப்பாளர்கள் இதைவிட வெளிப்படையாக வாக்குமூலம் கொடுக்க முடியாது! கேமரா எங்கும் பறக்கிறது, எல்லாம் முழுதாகத் தெரிகிறது, எதிலும் கனம் இல்லை. இடையிடையே பழைய மெட்டு ஒலிக்கும்போது மட்டும் உடல் சிலிர்க்கிறது. அந்தச் சிலிர்ப்பு இந்தப் படம் சம்பாதித்ததா, 1993இன் சேமிப்பிலிருந்து எடுத்ததா?

உடனே, “அதைத்தான் நாங்களும் சொல்கிறோம், கணினி வந்து சினிமாவைக் கெடுத்துவிட்டது” என்று ஒரு கூட்டம் வரும். அவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’, ‘டாப் கன்: மேவரிக்’ இரண்டையும் “எல்லாமே நிஜம்” என்று கொண்டாடினோம். நிஜமான வண்டிகள், நிஜமான விமானங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் கணினி வேலை நடந்த ஷாட்டுகள் சுமார் இரண்டாயிரம், அதற்கும் மேல். விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இரண்டுமே இருந்தன. ‘கணினி தொடாத படம்’ என்பதும் இன்றைக்கு ஒரு விளம்பரச் சரக்கு. நம் ஏக்கத்துக்கு ஒட்டிய இன்னொரு லேபிள்.

என் நினைவையும் நான் முழுதாக நம்புவதில்லை. டி-ரெக்ஸ் வேலியைத் தாண்டி நடந்து வந்த அதே இடம், சில நிமிடங்களில் காரே விழும் பெரும் பள்ளமாகிவிடுகிறது. சிறுவயதில் எத்தனை முறை பார்த்தும் இது கண்ணில் படவில்லை. மனம் அந்தப் பள்ளத்தை நிரப்பி மெழுகி வைத்திருந்தது.

மிகவும் உறுத்துவது முகங்கள். முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் நடித்த பீட்டர் குஷிங் 1994இல் இறந்துவிட்டார். 2016இல் அதே தொடரின் ‘ரோக் ஒன்’ படத்தில் வேறொரு நடிகரின் மேல் அவர் முகத்தைப் பொருத்திப் பேச வைத்தார்கள். அவர் உதட்டையும் கண்ணையும் பார்த்துக்கொண்டே இருந்ததில் என்ன பேசினார் என்பதே என் காதில் விழவில்லை. 2023இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் படத்தின் தொடக்கத்தில் ஹாரிசன் ஃபோர்டை இளைஞராக்கினார்கள். முகத்துக்கு நாற்பது வயதுதான். வாயைத் திறந்தால் எண்பதை நெருங்கும் குரல் வருகிறது. அந்தக் குரல் எனக்குப் பிடித்திருந்தது. அந்த வயதும் பிடித்திருந்தது. அதை எதற்கு மறைத்தார்கள்?

இவ்வளவும் எழுதிவிட்டு, அடுத்த பாகம் வரும்போது நான் போகாமல் இருப்பேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முதல் நாளே டிக்கெட் எடுப்பேன். பியானோ தொடங்கியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதுபோல் பாவனை செய்வேன்.