ஒரு இலை போதுமாம்ல!

தொட்டியில் வளர்க்கிற ஜேட் செடி லேசில் சாகாது, ஒரு இலையைக் கிள்ளிப் போட்டாலே முளைத்துவிடும் என்று சொல்கிற அத்தனை பேரையும் ஆனி மாதம் செங்கோட்டைக்கு அழைக்கிறேன். எங்கள் மாடியில் வந்து உட்காரட்டும். என் கண் முன்னால் ஒரே ஒரு இலையை முளைக்க வைக்கட்டும். முளைத்தால் பிரானூர் பார்டரில் புரோட்டாவும் கோழியும் என் செலவு. முளைக்காவிட்டால் அவர்கள் செலவு.

ரெண்டு வருஷம், ரெண்டு சாரல், நாற்பதுக்கு மேல் இலை. ஒரு குருத்து வரவில்லை. வயிறு எரிகிறது.

புனலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஆரியங்காவுக்கு இந்தப் பக்கம் ரோட்டோரத்தில் ஒரு நர்சரி. வண்டியை நிறுத்தச் சொன்னது நான்தான், அந்தக் குற்றம் என்மேல். சின்னத் தொட்டியில் சிவந்த தண்டும் பொட்டுப் பொட்டாக இலையுமாக அழகாக இருந்தது. என்ன செடி என்று கேட்டேன். "ஜேடு தன்னே," என்றார். வீட்டில் வைத்தால் காசு கொட்டும் என்றும் சொன்னார். 180 ரூபாய். வீடியோவில் பார்க்கிற ஜேடுக்கு இலை கட்டைவிரல் மாதிரி தடியாக இருக்குமே, இது இத்தனை சின்னதாக இருக்கிறதே என்று அப்போதே கேட்டேன். வளர வளரப் பெரிசாகுமாம். ரெண்டு வருஷம் ஆயிற்று. இலை இன்னும் ஸ்டிக்கர் பொட்டு அளவுதான்.

இலையிலிருந்து செடி வரும் என்று நான் நம்பியதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஆச்சி வீட்டுக் கிணற்றடியில் ரணகள்ளி கிடக்கும். அதன் இலையை நூலில் கட்டிச் சுவரில் தொங்கவிட்டால் போதும், ஓரமெல்லாம் குட்டிச்செடி தலைநீட்டும். அதனாலேயே அதற்குக் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று இன்னொரு பெயர். ஜேடும் ரணகள்ளியும் ஒரே குடும்பம், கிராசுலேசியே, என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆச்சி நூலில் கட்டியே வளர்த்தாளே, நான் தட்டில் வைத்து வளர்க்க மாட்டேனா?

வீடியோவில் சொன்னபடிதான் செய்தேன். இலையைப் பாதியில் பிய்க்காமல் அடியோடு கழற்றினேன். எவர்சில்வர் தட்டில் பரப்பி, நிழலில் நாலு நாள் காயவைத்தேன். கழற்றின இடம் காய்ந்து தோல் மாதிரி மூடிக்கொண்டது. அப்புறம் மண்மேல் படுக்க வைத்தேன். தினமும் காலையில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இலையாகக் குனிந்து பார்ப்பேன். பத்தாம் நாள் பாதி இலை சுண்டவற்றல் மாதிரி சுருங்கியது. நாலைந்து கறுத்து, தொட்டதும் பழுத்த வாழைப்பழமாக நசுங்கியது. ரெண்டு இலையில் மட்டும் மயிரிழை போல இளஞ்சிவப்பில் வேர் வந்தது. அன்றைக்கு நான் வீட்டில் எல்லாருக்கும் கேசரி கிண்டினேன். அந்த ரெண்டும் அடுத்த மூணு மாதம் வேரோடு அப்படியே கிடந்தன. குருத்து மட்டும் வரவே இல்லை. கடைசியில் அவையும் காய்ந்தன.

பிறகுதான் தெரிகிறது, என்னிடம் இருப்பது ஜேடே இல்லை!

வீடியோவில் காட்டுகிற தடித்த இலைக்காரன் கிராசுலா ஓவேட்டா. அதுதான் ஜேட். இலையை அடியோடு கழற்றி வைத்தால் கழற்றின முனையில் வேரும் குருத்தும் வரும், நிஜமாகவே வரும். நம் ஊர்ப்பக்கத்து நர்சரிகளில் ஜேட் என்று விற்பது பெரும்பாலும் போர்ச்சுலகேரியா ஆஃப்ரா. ரெண்டுக்கும் சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா என்பதோடு உறவு முடிந்தது. குடும்பமே வேறு. பருப்புக்கீரை இருக்கிறதே, போர்ச்சுலகா, அதன் சாயல் இருப்பதால்தான் இதற்கு அந்தப் பெயர். இதை இலையில் வளர்ப்பது குருட்டு அதிர்ஷ்டம், பெரும்பாலும் வராது. கொப்பை ஒடித்து வைத்தால் பத்துமணிப் பூச்செடி மாதிரி சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு வரியை, ஒரே ஒரு வரியை, அந்த 180 ரூபாயோடு சேர்த்து ஒருவர் சொல்லியிருந்தால் என் ரெண்டு வருஷம் மிச்சம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். போர்ச்சுலகேரியா இலை புளிக்கும், தின்னலாம், தென்னாப்பிரிக்காவில் யானையே தின்கிறது. கிராசுலா அப்படி இல்லை, நாய்க்கும் பூனைக்கும் ஆகாது. ரெண்டையும் ஒரே பெயரில் விற்றால், ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டு இன்னொன்றை வாயில் வைப்பவர்கள் கதி என்ன? போதாக்குறைக்கு வெளிநாட்டில் ஜேடுக்கு மணி பிளாண்ட் என்றும் பெயராம். நமக்கு மணி பிளாண்ட் என்றால் ஜன்னலில் படர்கிற கொடி. அந்தக் கொடிக்குச் சொல்கிற யோசனையை இந்தச் செடிக்குச் செய்து, பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கொப்பைச் சொருகி வைத்தார்கள் எங்கள் மைனி. மணி பிளாண்ட்டைத் திருடி வைத்தால்தான் வளரும் என்று வேறு ஒரு சாத்திரம் இருக்கிறதா, என் தொட்டியிலிருந்துதான் ஒடித்தது. கேட்காமல்.

சரி, பெயர் தெரிந்துவிட்டது. இனிமேல் கொப்பு வைப்போம் என்று இறங்கினால் அடுத்த வில்லங்கம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீர்.

கொப்பை வெட்டி ஐந்தாறு நாள் காயப்போட வேண்டும். காய்ந்த மண்ணில் நட வேண்டும். நட்டு ஒரு வாரம் தண்ணீர் காட்டக் கூடாது. சொல்ல எவ்வளவு லேசு! நான் வேலைக்குப் போய்விட்டு வருவதற்குள் எங்கள் அத்தை அரிசி கழுவின தண்ணியை ஊற்றியிருப்பார்கள். கேட்டால், "பச்சப்புள்ளையப் பட்டினி போட்ட மாதிரி இருக்கு, பாக்கப் பாவமா இருக்குட்டி," என்பார்கள். அத்தை, அது பச்சைப்பிள்ளை இல்லை, ஒட்டகம்! நானும் சொல்லிப் பார்த்தேன். இந்த வகைச் செடிகள் இலையின் மூச்சுத்துளைகளைப் பகலில் மூடிக்கொண்டு ராத்திரியில் திறப்பவை. ராத்திரி இழுத்த கரியமில வாயுவை அமிலமாகச் சேர்த்து வைத்துப் பகலில் செலவழிக்கும். அதனால்தான் தண்ணீர் அவ்வளவாக வீணாகாது. 1815இலேயே இந்தியாவில் வேலை பார்த்த பெஞ்சமின் ஹைன் என்கிற வெள்ளைக்காரர் ரணகள்ளி இலையை மென்று பார்த்து, காலையில் புளிக்கிறது, மத்தியானம் சப்பென்று இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார். இத்தனையும் கேட்டுவிட்டு அத்தை சொன்னது: "ராத்திரிதான முழிச்சிருக்கும்? அப்ப ராத்திரி ஊத்துதேன்."

தொட்டிமண்ணும் கூட்டுச்சதி. பையில் அடைத்து விற்கிற மண் பாதிக்குமேல் தென்னைநார்க் கழிவு. வெண்டைக்கும் கத்தரிக்கும் அது அருமையான சாமான், குறை சொல்ல மாட்டேன். இந்தச் செடிக்கு அது ஈரச்சாக்கு. மேலே காய்ந்த மாதிரி தெரியும், விரலை விட்டால் உள்ளே சொதசொதவென்று இருக்கும். ஆற்று மணல், செங்கல் பொடி, கரித்துண்டு, கொஞ்சம் தொழுஉரம் என்று நானே கலந்த பிறகுதான் தண்டு அழுகுவது பாதியாகக் குறைந்தது.

மீதிப் பாதி அழுகியது சாரலில். கோடைதான் பதியன் போட நல்ல காலம், ஜூன், ஜூலையில் வையுங்கள் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்கிறார்களே, அது யாருக்குக் கோடை? அவர்கள் ஊரில் வெயில் அடிக்கிற அதே ஜூனில்தான் எங்களுக்கு ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் சேர்ந்து வரும். குற்றாலத்துக்கு ஊரே குளிக்க வரும் நேரம். துவைத்த துணி மூணு நாள் கொடியில் கிடக்கும், அப்பளம் எடுத்த எடுப்பில் நமத்துப்போகும். அதில் வெட்டின கொப்பு எங்கே காயும்? தென்காசி தாண்டி சுரண்டைப் பக்கம் இருக்கிற என் தங்கச்சி இதே கொப்பை இதே ஆனியில் வைத்தாள், ஜம்மென்று வந்துவிட்டது. "உனக்குக் கைராசி இல்லக்கா," என்கிறாள். ராசியாம்! எங்களுக்கு மழை ஓய்ந்து, தை பிறந்து, மண் காய்ந்தால்தான் உண்டு. அதை எனக்கு யார் சொன்னார்கள்? அழுகின தொட்டிகள் சொல்லின.

அந்தத் தையில் மிச்சமிருந்த தாய்ச்செடியை வெயிலுக்காகக் கீழே இறக்கி, காம்பவுண்டு சுவர்மேல் வைத்தேன். மாசியில் ஒருநாள் பக்கத்து வீட்டு வெள்ளாடு சுவரில் முன்னங்காலைப் போட்டு ஏறி, முக்கால் செடியைத் தின்றுவிட்டது. நின்று அழுதேன். ஆட்டைத் திட்டவும் முடியவில்லை, யானை தின்கிற செடியை ஆடு தின்றால் என்ன தப்பு?

பங்குனிக் கடைசியில் சுவரடியைப் பெருக்கப் போனேன். வீட்டு வேலைக்கு இறக்கி மிஞ்சின மணலும் உடைந்த ஓடும் அங்கே குவிந்து கிடக்கும். அதற்கு நடுவில் ரெண்டு விரல் நீளத்தில் ஒரு கொப்பு. ஆடு சிந்தினது. யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, அத்தைக்கு அந்த மூலை தெரியவே தெரியாது. லேசாக இழுத்தேன், வரவில்லை. மணலைக் கிளறினால் வெள்ளை வெள்ளையாக வேர். நுனியில் நாலு புது இலை, பளபளவென்று. யானை ஒடித்துப் போட்ட கொப்பு அங்கே காட்டில் இப்படித்தான் தானாக வேர்பிடிக்குமாம்.

நான் குத்தவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஆட்டுக்காரி அக்கா சுவருக்கு அந்தப்புறத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "அய், காசுச்செடியா? சூப்பரா வந்திருக்கே!" என்றபடியே கையை நீட்டி அந்த நாலு இலையில் மூன்றைக் கிள்ளிவிட்டார்.

"ஒரு இலை போதுமாம்ல, வீடியோல பாத்தேன். பத்திரத்துக்கு மூணா எடுத்துக்கிட்டேன்."