வில்லிசை நோட்டீஸில் இடம்பாடியின் பெயரையும் போடுங்கள்

ஆடிக் கொடைக்கு, அதாவது ஆடி மாதத்து ஊர்ச்சாமி திருவிழாவுக்கு, எங்கள் பக்கத்து ஊர்களில் நோட்டீஸ் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பந்தல் உபயம், அன்னதான உபயம், ஒலி பெருக்கி உபயம் என்று ஒருவர் பெயரும் விடுபடாமல் வருகிறது. வில்லிசை (வில்லுப்பாட்டு) என்ற இடத்தில் மட்டும் பாடகரின் பெயரையும் படத்தையும் போட்டு, கீழே ‘குழுவினர்’ என்று முடித்துவிடுகிறார்கள். விடிய விடியப் பாடுகிற ஐந்தாறு பேரில் ஒருவருக்குத்தான் பெயர் உண்டு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த வழக்கத்தைக் கொடை கமிட்டிக்காரர்கள் மாற்ற வேண்டும்.

என் பெரியப்பா, அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் பெயர் பெற்ற ஒரு வில்லிசைப் பாடகரின் இடம்பாடியாக, அதாவது பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பாடுகிற துணைப் பாடகராக, வாழ்நாளைக் கழித்தவர். அவரை இவர் ‘அண்ணாச்சி’ என்பார். அவர் இவரைத் ‘தம்பி’ என்பார். இரத்த உறவு கிடையாது. வில்லையும் குடத்தையும் சுமக்கப் போன பையன், தாளம் தட்டி, பின்பாட்டுப் பாடி, கடைசியில் அண்ணாச்சிக்கு எல்லாமுமாக ஆகிவிட்டார். கமிட்டிக்காரர்களிடம் அச்சாரம் வாங்குவதும், எந்த ஊருக்கு எந்தச் செவ்வாய், எந்த வெள்ளி என்று நாள் குறிப்பதும் அவர்தான். தொண்டை கட்டினால் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுப்பதும் அவர்தான். ஏட்டிலிருந்து பெயர்த்து எழுதிய கதை நோட்டுகள் அவருடைய மரப்பெட்டியில்தான் இருந்தன. சித்திரை, வைகாசி, ஆடி என்று கொடை மாதங்கள் முழுவதும் வீட்டைப் பார்த்துக்கொண்டது பெரியம்மா. அந்த அம்மாளின் பங்கையும் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

இடம்பாடி சும்மா ‘ஆமா’ போடுகிற ஆள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நம் பக்கத்துக் கொடையில் இரவு முழுவதும் உட்கார்ந்து கேட்டவர்களுக்குத்தான் விவரம் தெரியும். சுடலைமாடன் கொடையை எடுத்துக்கொள்ளுங்கள். கயிலாயத்தில் விளக்குச் சுடரிலிருந்து மாடன் பிறக்கிற இடத்துக்குக் கதை வரும்போது, இங்கே பீடத்தின் முன்னால் சாமியாடிக்கு அருள் வர வேண்டும். முன்னேயும் கூடாது, பின்னேயும் கூடாது. பாடகர் கண்ணை மூடிக்கொண்டு கதைக்குள் போய்விடுவார். சாமியாடியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது இடம்பாடியின் வேலை. கால் கட்டைவிரல் தரையைக் கிளறத் தொடங்கியதா, தோள் குலுங்குகிறதா என்று பெரியப்பா பார்ப்பார். இன்னும் ஆகவில்லை என்றால் நடுவில் ஒரு கேள்வியைப் போட்டுக் கதையை இழுப்பார். ஆகிவிட்டது என்றால் பாடகர் முடித்த அடியையே இரட்டை வேகத்தில் திருப்பிப் பாடுவார். குடம் அந்த வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், வில்லின் மணிகள் அதிரும், சாமி ஆடும். ஊரே கும்பிடும். மறுநாள் டீக்கடையில் பாடகரின் குரலைப் பற்றித்தான் பேச்சாக இருக்கும்.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. பெரியப்பாவை மரியாதையாகத்தான் வைத்திருந்தார். தனக்கு எடுத்த வேட்டி மாதிரியே தம்பிக்கும் எடுப்பார். பாசம் இருந்தது, எழுத்து இல்லை. அவர் காலமான பிறகு பெரியப்பாவை யாரும் பாட அழைக்கவில்லை. முதுமையில், நலிந்த கலைஞர்களுக்கான அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதி அவரை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். கலைஞர் என்பதற்குச் சான்று கேட்டார்கள். மரப்பெட்டியிலிருந்து கட்டுக்கட்டாக நோட்டீஸ்களை எடுத்து மேஜைமேல் வைத்தோம். ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. சில புகைப்படங்களில் வில்லின் ஓரத்தில் பாதி முகம் தெரிந்தது. “இது நீங்கள்தான் என்று எப்படி நம்புவது ஐயா?” என்று கேட்ட அலுவலரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தாளைப் பார்த்துத்தானே அவர் முடிவெடுக்க முடியும்? பெரியப்பா நோட்டீஸ்களை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்தார். உதவித்தொகை வாங்காமலே போய்ச் சேர்ந்தார்.

பெயர் அச்சில் இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு வேறோர் உதாரணம். விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் கேட்காத ஊர் நம் மாவட்டத்தில் இருக்காது. அதில் ஒலிப்பது இரண்டு குரல்கள். இன்னொரு குரல் ராதா விஸ்வநாதன். எம்.எஸ்ஸின் கணவர் சதாசிவத்தின் மகள், எம்.எஸ். வளர்த்த பெண். 1945இல் வந்த ‘மீரா’ படத்தில் சிறுமி மீராவாக நடித்தவர். 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். பாடியபோது பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பாடியவர். தன் குரலைத் தனியாகத் துருத்திக்கொண்டு போகவிடாமல் பல ஆண்டுகள் இன்னொரு குரலோடு இழைத்துப் பாடுவதற்கு எவ்வளவு ஞானம் வேண்டும்! நாம் வீட்டில் எம்.எஸ். சுப்ரபாதம் என்றுதான் சொல்கிறோம். ஆனாலும் இசைத்தட்டில் ராதாவின் பெயர் இருக்கிறது. அதனால்தான் இன்று என்னால் அந்தப் பெயரை எழுத முடிகிறது.

நாடகக்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட நியாயமானவர்கள். நாடக மேடையில் பாடி நடித்துப் புகழ்பெற்ற செங்கோட்டை கிட்டப்பா 27 வயதில், 1933இல் மறைந்தார். அவருக்கு ஆர்மோனியம் வாசித்தவர் அண்ணன் காசி ஐயர் என்பது இன்றும் பழைய ரசிகர்களுக்குத் தெரியும். இப்போதும் ஸ்பெஷல் நாடக நோட்டீஸைப் பாருங்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஊர்ப் பெயரோடு ஒவ்வொருவரையும் போட்டிருப்பார்கள். அதே தாளின் அகலம்தான் நம் கொடை நோட்டீஸுக்கும். இடமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

கடைசி நேரத்தில் ஆள் மாறிவிடுவார்கள், பெயர் போட்டால் குழப்பம் என்று ஒரு கமிட்டித் தலைவர் என்னிடம் சொன்னார். குடம் அடிப்பவரோ உடுக்கை அடிப்பவரோ மாறலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இடம்பாடி அப்படி எளிதில் மாறுவதில்லை. பாடகரின் கதைப்போக்கு தெரியாத ஒருவரை அந்த இடத்தில் உட்கார வைக்கவே முடியாது. பாடகருக்குப் பெருமை குறைந்துவிடும் என்ற பேச்சும் காதில் விழுகிறது. தொடக்கத்துக் காப்புப் பாட்டு முதல் முடிவில் வரும் வாழிப் பாட்டு வரை கூடவே பாடியவரின் பெயரைப் பார்த்துக் குறைகிற பெருமையை நான் பெருமை என்றே சொல்லமாட்டேன்.

எங்கள் ஊர் கமிட்டியில் பேசிவிட்டேன். இந்த ஆடிக்குப் பாடகர், இடம்பாடி, குடம், உடுக்கை, தாளம், கட்டை என்று எல்லோருடைய பெயரையும் ஊரோடு போடச் சம்மதித்திருக்கிறார்கள். கொடை முடிந்ததும் கமிட்டி முத்திரையோடு ஒவ்வொருவருக்கும் ஒரு சான்றுக் கடிதம் கொடுக்கவும் பேசி வைத்திருக்கிறோம். சேரன்மகாதேவி, களக்காடு, நாங்குநேரி, ஆலங்குளம் பக்கத்து நண்பர்கள் உங்கள் ஊர் நோட்டீஸ் அச்சகத்துக்குப் போகும் முன் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பெயர் விடுபட்டிருந்தால் பாடகருக்கே போன் செய்து கேளுங்கள், அவரே சொல்லிவிடுவார்.