பயிற்சிக்குப் போங்கள், ஆனால் அதைத் தமிழில் திருப்பிக் கொடுங்கள்

வெளிநாட்டில் நடக்கும் மனித உரிமைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாமா என்று ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்துத் தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். போய்வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: கட்டாயம் போங்கள்.

கனடாவின் மாண்ட்ரியலில் ஈக்விடாஸ் என்ற மனித உரிமைக் கல்வி அமைப்பு 1980 முதல் நடத்திவரும் பயிற்சி பலருக்குத் தெரிந்திருக்கும். நான் போனது வேறொன்று. அங்கேயும் ஒருவர் பேச மற்றவர்கள் குறிப்பெடுக்கும் பழக்கம் கிடையாது. அவரவர் ஊர்ப் பிரச்சினையைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேட்டுத் துளைத்துவிடுவார்கள். நம் பக்கத்து அரிசி ஆலைக் கொத்தடிமைகளைப் பற்றி நான் பேசியபோது, நேபாளத்திலிருந்து வந்த அக்காவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அங்கே கமையா என்ற கொத்தடிமை முறையை 2000இல் ஒழித்தார்கள். விடுதலையானவர்கள் குடியிருக்க இடமில்லாமல் தெருவில் நின்றார்கள். "விடுதலைச் சான்றிதழ் கொடுத்த அன்றே மனைப்பட்டாவும் கேளுங்கள்" என்றார் அவர். விடுதலைச் சான்றோடு நின்றுபோன எத்தனையோ குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த ஒரு வரிக்காகவே போனது தகும்.

இன்னொரு நாள் சுற்றுச்சூழல் வகுப்பில் நம் ஊர்ப் பெயரே வந்தது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கு. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் சொன்னது. பெருமையாக இருந்தது. வாணியம்பாடிக் கிணறுகளை நினைத்தால் கோபமும் வந்தது.

என் மனத்தாங்கல் வேறு. அந்த நாற்காலியில் உட்கார என்னைவிடத் தகுதியானவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். கொத்தடிமையாக மரம் வெட்டிய இடத்திலிருந்து தப்பிவந்து, சப் கலெக்டர் முன்னால் நின்று பேசி, மிச்சப் பேரையும் மீட்ட இருளர் பெண்கள் அவர்கள். சாதிச் சான்றுக்கே வருஷக்கணக்கில் அலைகிறவர்களிடம் பாஸ்போர்ட்டுக்கும் ஆங்கில விண்ணப்பத்துக்கும் எங்கே போவது? ஆங்கிலம் தெரிந்ததால் கிடைத்த இடம், போராடியதால் கிடைத்த இடம் ஆகிவிடாது.

அதனால் போய்வருகிறவர்களுக்குக் கடமை உண்டு. சான்றிதழோடு படம் போடுங்கள், வாழ்த்துகிறேன். அடுத்த மாதமே கற்றதைத் தமிழில் நடத்துங்கள். ஐ.நா. குழுக்களின் பெயர்கள் பிறகு வரட்டும். 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவை முதலில் சொல்லுங்கள்: இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் அட்வான்ஸ் கொடுத்த முதலாளி. இது தெரியாமல்தான் நம் மக்கள் விசாரணையில் தலைகுனிந்து நிற்கிறார்கள். சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டினால் மனித உரிமை ஆணையம் விசாரிக்காது என்பதையும் சொல்லுங்கள்.

இதற்கு அரங்கமும் பேனரும் வேண்டாம். திங்கட்கிழமை வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸுக்கு மனுவோடு வருகிறவர்கள் காத்திருக்கும் நேரமே போதும். யார் தொடங்கினாலும் கூட உட்கார நான் வருகிறேன்.